மதிப்பெண் கேட்கும் நிரலில் உள்ளீட்டைச் சரிபார்த்த அனுபவம்

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கிய பின் நானாக எழுதிய முதல் நிரல், 5 பாடங்களின் மதிப்பெண்களை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சராசரியைச் சொல்வது. எண்களை மட்டும் தட்டியவரை ஒழுங்காக ஓடியது. மூன்றாம் பாடத்துக்கு எதையும் தட்டாமல் என்டரை அழுத்தியதும் கொடுத்த மதிப்பு பொருந்தாது என்பதைச் சொல்லும் வேல்யூஎரர் என்ற பிழைச்செய்தியோடு நின்றுவிட, அதுவரை கொடுத்திருந்த இரண்டு மதிப்பெண்களும் வீணாயின. எதைத் தட்டினாலும், உள்ளீட்டைப் பெறும் இன்புட் என்ற கட்டளை அதை எழுத்துச் சரமாகவே தருகிறது என்பதும், அந்தச் சரத்தை எண்ணாக மாற்றும் வரியில்தான் நிரல் இடறுகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தன.

மாற்றுவதற்கு முன்பே, சரத்தில் இலக்கங்கள் மட்டுமே உள்ளனவா என்று பார்க்கும் இஸ்டிஜிட் கொண்டு சோதித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் 72.5 என்ற நியாயமான மதிப்பெண்ணை, இடையில் புள்ளி இருப்பதால், அது மறுத்தது. வர்க்கக் குறியாக மேலே எழுதப்படும் சிறிய 2-ஐயோ இலக்கம் என்று ஏற்றுக்கொண்டது, சரத்தை முழு எண்ணாக மாற்றும் இன்ட் அதை மாற்ற மறுத்தபோதிலும். அதே வேளையில் ௭௨ என்று தமிழ் எண்களில் தட்டிப் பார்த்தபோது, இன்ட் தயங்காமல் 72 என்று தந்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

ஆகவே முன்கூட்டிச் சோதிப்பதை விட்டு, புள்ளி உள்ள எண்களையும் ஏற்கும் ஃப்ளோட் கொண்டு மாற்ற முயன்று, முடியாவிட்டால் மீண்டும் கேட்கும்படி, ஒரு வளையத்துக்குள் ஒரு வேலையை முயன்று பார்க்கும் ட்ரை, அதில் பிழை நேர்ந்தால் பிடிக்கும் எக்ஸெப்ட் இரண்டையும் அமைத்தேன். எந்தப் பிழை என்று குறிப்பிடாமல் எக்ஸெப்ட் என்று மட்டும் எழுதியிருந்ததால், வெளியேறுவதற்காக நான் அழுத்திய கன்ட்ரோல்-சியையும் அது பிழையாகப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி மதிப்பெண் கேட்டது. நிரல் ஓடிக்கொண்டிருந்த டெர்மினல் சாளரத்தையே மூட வேண்டியதாயிற்று. வேல்யூஎரரை மட்டும் பிடிக்குமாறு மாற்றியதும் அது தீர்ந்தது.

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது வேறொன்று. 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் என்-ஏ-என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஃப்ளோட் அதை முறையான மதிப்பாகவே ஏற்கிறது. 0-க்குக் குறைவாகவோ 100-க்கு அதிகமாகவோ இருந்தால் மறுக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அந்த மதிப்பு எதைவிடவும் சிறியதும் இல்லை, பெரியதும் இல்லை என்பதால் இரண்டு சோதனைகளிலும் சிக்காமல் உள்ளே நுழைந்து, சராசரியையும் தன்னைப் போலவே ஆக்கிவிட்டது. நிபந்தனையைத் திருப்பி, 0 முதல் 100-க்குள் இருந்தால் மட்டுமே ஏற்கலாம் என்று எழுதியபின் அது வாசலிலேயே நின்றுவிட்டது. இவ்வகைச் சோதனையில் மறுக்க வேண்டியவற்றை அடுக்குவதைவிட ஏற்கத்தக்கதை வரையறுப்பதே பாதுகாப்பானது என்று அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன்.

இப்போது இந்தப் பகுதி ஒரு தனிச் செயற்கூறாக இருக்கிறது. தவறாகத் தட்டினால், தட்டியதையே திருப்பிக் காட்டி, 0 முதல் 100 வரை ஓர் எண் தேவை என்று கேட்கிறது. வெற்று வரியைத் 'தேர்வு எழுதவில்லை' என்று கொள்ளலாமா என்றும் யோசித்தேன். கைதவறி அழுத்திய என்டரிலிருந்து அதைப் பிரித்தறிய வழியில்லாததால், அதற்கும் மீண்டும் கேட்கும்படியே விட்டிருக்கிறேன்.