குன்றக்குடிப் படிகளும் என் இடது காலும்

பலமில்லாத காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிப்பர் போட்டவர்களுக்குக் கோயிலில் முதல் சிக்கல் படி இல்லை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதுதான். எங்களுக்குப் பூட்ஸும் இரும்பும் ஒன்றே. தொடையில் தோல் பட்டை, காலின் இரண்டு பக்கமும் கம்பி, முழங்காலில் ஒரு பூட்டு, கம்பி போய் முடிகிற இடம் பூட்ஸின் குதிகால். பூட்ஸைக் கழற்றினால் எல்லாமே கழன்று வந்துவிடும். அது இல்லாமல் என்னால் நிற்க முடியாது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதம், இடது காலில் இடுப்பு வரைக்கும் பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சின்ன வயதில் அப்பா தூக்கிக்கொண்டு போய் சாமி காட்டினார். வளர்ந்த பிறகு வாசலில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவது பழகிவிட்டது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் எனக்கு மூலவரைப் பார்க்க வேண்டும். அதிலும் குன்றக்குடி சண்முகநாதரை மலையேறிப் போய் நின்று பார்க்க வேண்டும். அம்மா பிறந்தது காரைக்குடிப் பக்கம். எனக்குக் காய்ச்சல் வந்து கால் விழுந்தபோது அவள் நேர்ந்துகொண்டது குன்றக்குடிக்குத்தான்: "பிள்ளை நடந்து வந்து உன்னைப் பார்க்கணும்." அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நேர்த்திக்கடன் அப்படியே நின்றது.

அதனால் மதுரையில் எனக்குக் காலிப்பர் செய்கிறவரிடம், கோயிலுக்கென்றே தனியாக ஒன்று செய்யச் சொன்னேன். தோலே கூடாது, எல்லாப் பட்டையும் கனத்த துணியில் இருக்க வேண்டும், அடியில் பூட்ஸுக்குப் பதில் தக்கையில் ஒரு பாதம். அந்தப் பாதம் தெருவில் பட்டதே கிடையாது. மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்து, கோயில் வாசலில் உட்கார்ந்து மாற்றிக்கொள்வேன். ஊன்றுகோலின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கும் புதிதாக ஒரு ஜோடி. இவ்வளவு ஏற்பாடும் சட்டத்துக்காக இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என் பக்கம்தான் பேசும். ஆனாலும் சாமி முன்னால் போய் நிற்கும்போது என் மனதில் ஒரு உறுத்தல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தை மாதம், பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும் சமயம் பார்த்துப் புறப்பட்டேன். பக்கச் சக்கரம் பொருத்திய என் ஸ்கூட்டரில் மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வீட்டில் காரில் போகச் சொன்னார்கள். எனக்கு வழியெல்லாம் நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றிருந்தது. திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். 1801 அக்டோபர் 24-ல் அவர்களை வெள்ளைக்காரன் தூக்கிலிட்ட ஊர் இது. குன்றக்குடிக்குப் போகிறவர்கள் இங்கே நிற்காமல் போகக் கூடாது என்பேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அங்கிருந்து பிரியும் சாலையில்தான் திருக்கோஷ்டியூர். மந்திரோபதேசம் வேண்டி ஸ்ரீரங்கத்திலிருந்து ராமாநுஜர் பதினெட்டு முறை நடந்து வந்த ஊர். பதினேழு முறை திருப்பி அனுப்பப்பட்டவர், பதினெட்டாவது முறைக்கும் கிளம்பியிருக்கிறார். அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

பிள்ளையார்பட்டி எனக்குச் சிரமமில்லாத கோயில். கற்பக விநாயகர் குடைவரையின் பாறையோடு பாறையாக, வடக்கு பார்த்து, இரண்டே கைகளோடு, வலம்புரித் துதிக்கையோடு உட்கார்ந்திருக்கிறார். கால்களை மடித்து அவர் அமர்ந்திருக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நாளைக்கு மலை ஏறணும், பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு காரைக்குடியில் தங்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் குன்றக்குடி அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். அங்கே தோகையடி விநாயகர். மலையே மயில் வடிவம் என்பதால், தோகை தரையைத் தொடும் இடத்தில் இருக்கும் பிள்ளையாருக்கு அந்தப் பெயர். அவரிடம் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் காலிப்பரை மாற்றிக்கொண்டேன். பக்கத்தில் இரண்டு மூன்று பொடிசுகள் நின்று வேடிக்கை பார்த்தன. "மாமா, இது என்ன, ரோபோ காலா?" என்று ஒருவன் கேட்டான். அவன் வயதில் யாரும் இதைப் பார்த்திருக்க வழியில்லை. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கிவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைகள் இருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். முழங்கால் பூட்டைத் திறந்து மூடிக் காட்டினேன்.

படி ஏறுவதற்கு எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது காலிப்பர் போட்ட கால் முதலில். ஏறும்போது நல்ல காலை மேல்படியில் வைத்து, உடம்பை அதன் மேல் நிறுத்தி, இடுப்பைத் தூக்கி, பூட்டிய காலை விறைப்பாகவே மேலே இழுக்க வேண்டும். பிறகு ஊன்றுகோல். அப்புறம் ஒரு மூச்சு. அடுத்த படி. முழங்கால் மடங்காது என்பதால் உயரமான படியில் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏற முடியும். மனசு அவசரப்பட்டால் முதலில் நழுவுவது ஊன்றுகோல். ஆகவே படி எண்ணுவதில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு "முருகா". அம்மா விரதமிருந்தபோதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது அந்த ஒரு பெயரைத்தான்.

காவடிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து இளைஞர்கள், "அண்ணே, நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போயிடுறோம்" என்றார்கள். நல்ல பிள்ளைகள், மனசார கேட்டார்கள். "தூக்க வேண்டாம் தம்பி, பின்னால ஒருத்தர் வாங்க, நான் சாய்ந்தா பிடிங்க, அது போதும்" என்றேன். புரிந்துகொண்டார்கள். மாற்றுத்திறனாளிக்கு உதவி செய்ய நினைக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: என்ன உதவி வேண்டும் என்பதை எங்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இடும்பன் சன்னிதிக்குக் கொஞ்சம் கீழே, தொடைப் பட்டையின் தையல் பிரிந்துவிட்டது. துணிப் பட்டைதானே, இடுப்பின் இழுப்பை அது தாங்கவில்லை. கம்பி விலகி, கால் உள்ளுக்குள் ஆட ஆரம்பித்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. கீழே போய் இரும்புக் காலிப்பரை மாட்டிக்கொண்டு திரும்ப ஏற உடம்பில் தெம்பு இல்லை.

மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு பெரியவர் நின்றார். எழுபதுக்கு மேல் இருக்கும். விஷயத்தைக் கேட்கவில்லை, பட்டையைப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நீளவாக்கில் முறுக்கி, கம்பியோடு சேர்த்துத் தொடையைச் சுற்றி ஒரு கட்டு, குறுக்கே ஒரு கட்டு, முடிச்சை வெளிப்பக்கம் திருப்பி இறுக்கினார். "காவடிக் கம்புக்குப் போடுற கட்டு தம்பி. பழனி போயிட்டு வந்தாலும் அவுராது" என்றார். துண்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டேன். "இடும்பன் சன்னிதியில ஒரு கும்பிடு போடுங்க, அது போதும்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

மலைகளையே தோளில் சுமந்தவன் இடும்பன். முருகனோடு மோதி விழுந்து, அவன் அருளால் எழுந்து, அவனுக்கே காவல் நிற்பவன். அவன் முன்னால் நின்றபோது, இந்தச் சன்னிதி பாதி வழியில் இருப்பது எவ்வளவு பொருத்தம் என்று தோன்றியது.

மேலே வாசலில் குழாயடியில் ஊன்றுகோல் புஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த குருக்கள், "அதெல்லாம் போதும், உள்ளே வாங்கோ" என்று கூப்பிட்டார். காலிப்பரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

சண்முகநாதர் ஆறு முகமும் பன்னிரண்டு கையுமாக மயில்மேல் அமர்ந்திருக்கிறார். வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனி மயில். தீபாராதனை வெளிச்சத்தில் நான் முதலில் பார்த்தது மயிலைத்தான். செருக்குக் கொண்ட மயில் சாபம் பெற்று, அசைய முடியாத மலையாக இங்கே கிடந்தது என்கிறது தல வரலாறு. பறக்க வேண்டியது கல்லாகக் கிடந்து தவம் செய்திருக்கிறது. அது எழுந்து போய் முருகனைப் பார்க்க முடியாது. முருகன்தான் வந்து அதன்மேல் அமர்ந்திருக்கிறான். இந்த மலைக்கு மயூரகிரி என்றும் பெயர். அம்மா நேர்ந்துகொள்ள ஏன் இந்த மலையைப் பிடித்தாள் என்பது அந்த இடத்தில் நிற்கும்போது எனக்கு விளங்கிய மாதிரி இருந்தது. "வந்துட்டேம்மா" என்று வாய்விட்டே சொன்னேன்.

திருநீறு வாங்கிக் காலிப்பருக்கு மேலே தொடையிலும் பூசிக்கொண்டேன். பெரிய மருதுவுக்கு முதுகில் வந்த ராஜபிளவை என்ற கட்டி, குன்றக்குடி முருகனை வேண்டி ஒரு பக்தர் பூசிய திருநீற்றால் ஆறியது என்றும், அந்த நன்றிக்கு அவர் இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தார் என்றும் இங்கே சொல்வார்கள். போர்க்களத்தில் அஞ்சாத மனிதர், கட்டியின் வேதனையில் படுத்துக் கிடந்து முருகனை நம்பியிருக்கிறார். திருப்பத்தூரில் நின்றுவிட்டு வரச் சொன்னது இதற்காகத்தான். என் கால் குணமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்தக் காலோடு இன்னும் தூரம் போக வேண்டும் என்றுதான் கேட்டேன்.

மறுநாள் அரியக்குடி. தென்திருப்பதி என்று சொல்லப்படும் திருவேங்கடமுடையான் கோயில். வருஷா வருஷம் திருப்பதிக்கு நடந்தே போய்க் காணிக்கை செலுத்திவந்த செட்டியார் ஒருவர், வயதாகித் தள்ளாமை வந்தபோதும் விடாமல் கிளம்பியிருக்கிறார். உடம்பு ஒத்துழைக்காமல் விழுந்த அவருக்குப் பெருமாள் காட்சி கொடுத்து, இனி நீ வர வேண்டாம், உன் ஊருக்கே நான் வருகிறேன் என்றாராம். அப்படி வந்த கோயில் இது. மூலைக் கருடனுக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டு நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் செட்டியார் வீட்டிலிருந்தபடியே கும்பிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கிளம்பினார், போக முடிந்த மட்டும் போனார். மிச்ச தூரத்தைப் பெருமாள் வந்தார்.

இதை நினைத்துக்கொண்டேதான் அடுத்த விடியற்காலையில் குன்றக்குடியில் பாதயாத்திரைக் காவடிகளோடு சேர்ந்துகொண்டேன். நகரத்தார் காவடிகள் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி போகும். என் கணக்கு பிள்ளையார்பட்டி பிரிகிற இடம் வரைக்கும்தான். இருட்டில் காவடி மணிச் சத்தம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. சாலையோர மண்ணில் ஊன்றுகோல் புதையும், ஆகவே தார் விளிம்பைப் பிடித்து நடந்தேன். கடந்து போன ஒவ்வொருவரும் என் பக்கம் திரும்பி "அரோகரா" சொல்லிவிட்டுத்தான் போனார்கள். உள்ளங்கை கொப்புளித்தது. துணி சுற்றிக்கொண்டு நடந்தேன்.

எல்லோரும் போன பிறகு என்னோடு சேர்ந்து வந்தவர் ஒரு ஆச்சி மட்டுமே. முழங்கால் வலி, பையன் வாங்கிக் கொடுத்த கைத்தடி. "நீங்க முன்னால போங்க ஆச்சி, நான் ரொம்ப மெதுவா வருவேன்" என்றேன். "மெதுவாப் போனா முருகன் கோவிச்சுக்குவானாக்கும்? நானும் இதே வேகம்தான் தம்பி" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நடக்கிறாராம். ஒரு வருஷம் கால் வீங்கி நத்தத்தோடு திரும்பியதையும், அடுத்த தையில் அதே இடத்திலிருந்து மனசுக்குள் தொடர்ந்ததையும் சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் யாரோ கொடுத்த சுக்குக் காபியை இரண்டு பேரும் நின்று குடித்தோம்.

பிரிகிற இடம் வந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. நடக்க முடியாதவர்கள் பழனி உண்டியலில் சேர்க்கச் சொல்லி யாத்திரைக்காரர்களிடம் காணிக்கை கொடுத்து அனுப்புவது வழக்கம். நானும் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்ததை ஆச்சியிடம் நீட்டினேன். கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்த வருஷத்துக்கு மட்டும் வாங்கிக்கிறேன் தம்பி. இனிமே நீங்களே கொண்டாந்து போடுங்க."

பட்டைக்கு இப்போது இரட்டைத் தையல் போட்டு வாங்கிவிட்டேன். சாயங்காலங்களில் எங்கள் தெருவிலிருந்து பைபாஸ் வரை நடந்து பழகுகிறேன். வருகிற தைக்குச் சிங்கம்புணரி வரைக்குமாவது போய்விட வேண்டும்.