மறுபடியும் அதே மாளிகை: திகில் கேம்களைத் திரும்ப விளையாடிய மூன்று மாதக் குறிப்புகள்

முதல் தடவை விளையாடும்போது ஒரு திகில் கேம் பயமுறுத்துவதில் ஆச்சரியமில்லை. தெரியாத வீட்டில், தெரியாத இருட்டில் நடந்தால் யாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான் தெரிந்துகொள்ள விரும்பியது வேறு. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்த பிறகும் உள்ளங்கையை வியர்க்க வைக்கும் கேம் எது? அது எப்படி அதைச் சாதிக்கிறது?

ஏற்கெனவே விளையாடியவற்றிலிருந்து சிலவற்றை எடுத்து வைத்தேன். இரவு பத்து மணிக்கு மேல், ஹெட்போனோடு, அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் விளையாட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். அலறினேனா, திடுக்கிட்டேனா என்று எழுதுவதில் பயனில்லை. பலூன் வெடித்தாலும் திடுக்கிடுவேன். ஆகவே, எங்கெல்லாம் நின்றேன் என்பதை மட்டும் குறித்தேன். கதவின் முன், படிக்கட்டின் அடியில், பொத்தானை அழுத்தாமல் விரல் அப்படியே தங்கிப்போன இடங்கள். என் கணக்கில் பயத்துக்கு அதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது.

முதல் வாரம்: அம்னீசியா

2010இல் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் வெளியிட்ட 'அம்னீசியா: தி டார்க் டிசென்ட்' எனக்கு மிகவும் பிடித்தமானது. கையில் ஆயுதமே கிடையாது. இருட்டில் நின்றால் மனநிலை குலையும். விளக்கை ஏற்றினால் எண்ணெய் தீரும், உங்களைத் தேடுபவை உங்களைப் பார்த்தும்விடும். தண்ணீர் தேங்கிய நிலவறையில், உருவமே தெரியாமல் நீரைச் சிதறடித்துக்கொண்டு மட்டும் வரும் ஒன்று உண்டு. பெட்டிக்குப் பெட்டி தாவிக் கடக்க வேண்டும். அந்தச் சளக் சளக் சத்தம் பல ஆண்டுகளாக என் காதில் இருக்கிறது.

இரண்டாம் தடவை விளையாடியபோது அந்த நிலவறையை ஒரு தடவைகூட நிற்காமல் கடந்துவிட்டேன்.

இதை எழுத எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் காரணம் தெளிவு. மூலையில் பதுங்கிக் கொஞ்ச நேரம் பொறுத்தால் துரத்தி வரும் அரக்கன் மறைந்துபோவான் என்பதை முதல் ஆட்டத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டேன். மனநிலை எவ்வளவு குலைந்தாலும் அதனால் மட்டும் சாவு வராது என்பதும் தெரியும். இவை தெரிந்ததும் பதுங்குவது வெறும் காத்திருப்பாகிவிட்டது. முழு ஆட்டத்துக்கும் நோட்டில் ஆறு குறிப்புகள்தான் விழுந்தன. நினைவில் நிற்பது ஒன்று, திரும்ப விளையாடத் தூண்டுவது இன்னொன்று என்று அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன். அம்னீசியா முதல் வகையில் எனக்கு இன்றும் தலைசிறந்தது.

அந்த முதல் வகையில் சேர வேண்டிய இன்னொன்று 'பி.டி.'. 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4இல் இலவசமாக வந்தது, 2015 ஏப்ரலில் பிளேஸ்டேஷனின் இணையக் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. வளைந்து செல்லும் ஒரே ஒரு நடைவழி. அதன் கடைசிக் கதவைத் திறந்தால் மறுபடியும் அதே நடையின் தொடக்கம். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மட்டும் மாறியிருக்கும். நண்பர் வீட்டில் ஓர் இரவு விளையாடியதோடு சரி. மறுபடி விளையாட வழியில்லாததால் என் சோதனையில் சேர்க்க முடியவில்லை.

இரண்டாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை: பங்கர்

அதே நிறுவனம் 2023இல் கொண்டுவந்தது 'அம்னீசியா: தி பங்கர்'. 1916, முதலாம் உலகப் போர். நிலத்தடிப் பதுங்கு குழியில் சிக்கிக்கொண்ட பிரெஞ்சுச் சிப்பாய் நீங்கள். வெளியேறும் வழி இடிந்து கிடக்கிறது. அதைத் தகர்க்க வெடிமருந்தும் அதை இயக்கும் கைப்பிடியும் தேட வேண்டும். சுவர்களுக்குள் ஒரே ஒரு மிருகம். அது ஓட்டைகள் வழியாக எங்கிருந்து வேண்டுமானாலும் வெளியே வரும்.

முந்தைய கேமில் என்னைக் கைவிட்ட விஷயங்கள் எல்லாம் இங்கே சரிசெய்யப்பட்டிருந்தன. புது ஆட்டம் தொடங்கும்போது லாக்கர்களின் எண்கள் மாறிவிடுகின்றன, பொருட்களின் இடமும் பொறிகளின் இடமும் மாறுகின்றன. ஆனால் வரைபடம் மாறாது. இந்தக் கலவைதான் அபாரம். இடம் எனக்குத் தெரியும், அதில் என்ன கிடைக்கும் என்பது தெரியாது. சொந்த ஊருக்குப் பல வருடம் கழித்துத் திரும்பியவரைப் போல நடந்தேன்.

நடு அறையில் ஒரு ஜெனரேட்டர். அது ஓடும் வரை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் மிருகம் பெரும்பாலும் சுவருக்குள் அடங்கிக் கிடக்கும். ஜெனரேட்டருக்கு எரிபொருள் தேட வெளியே போயாக வேண்டும், வெளியே போகும் நேரத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டே இருக்கும். கையில் ஒரு பாக்கெட் கடிகாரம் உண்டு. அதை ஜெனரேட்டரோடு ஒத்து வைத்துக்கொண்டால் இன்னும் எவ்வளவு நேரம் வெளிச்சம் இருக்கும் என்று காட்டும்.

என் நோட்டில் இருபத்தேழு இடங்களில் "நின்றேன்" என்று இருக்கிறது. அதில் பத்தொன்பதில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். என் முன்னால் மிருகம் இல்லை, சத்தமும் இல்லை. சிப்பாய்கள் தங்கும் பகுதியில், திறந்த லாக்கர் ஒன்றின் முன் நிற்கிறேன். உள்ளே ஒரு துணிச் சுருளும் ஒரு எரிபொருள் கேனும். பையில் ஒன்றுக்குத்தான் இடம். முள் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. திரும்பி நடக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்கு நொடிக் கணக்கில் தெரியும். முதல் ஆட்டத்தில் தெரியாததால் தைரியமாக இருந்திருக்கிறேன். இரண்டாம் ஆட்டத்தில் தெரிந்ததால் நடுங்கினேன்.

துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு குண்டுகள் கொள்ளும் சுழல் துப்பாக்கி. எத்தனை குண்டு மிச்சம் என்று திரையில் எண் எதுவும் வராது. உருளையைத் திறந்து நீங்களே பார்க்க வேண்டும், ஒவ்வொரு குண்டாகப் போட வேண்டும். டார்ச்சும் அப்படித்தான்: கயிற்றை இழுத்து இழுத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும், அந்தக் கரகர ஒலி சுவருக்குள் இருப்பதற்கும் கேட்கும். வெளிச்சம் வேண்டுமென்றால் சத்தம் போட்டே ஆக வேண்டும். பயத்தை இவ்வளவு சிக்கனமாக ஒரு பொருளுக்குள் அடக்கிய வேறெதையும் நான் பார்த்ததில்லை.

ஆறாம் வாரம்: ஒலியை நிறுத்திப் பார்த்தது

'ஏலியன்: ஐசொலேஷன்', 2014. இதன் வேற்றுக்கிரக ஜந்து இயங்கும் முறை இரண்டு அடுக்காக அமைந்திருக்கிறது. மேலடுக்குக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எப்போதும் தெரியும். ஆனால் அது ஜந்துவிடம் "இந்தப் பக்கம் போ" என்று மட்டும்தான் சொல்லும். உங்களைக் கண்டுபிடிப்பது ஜந்து தன் கண்ணாலும் காதாலும் செய்ய வேண்டிய வேலை. நெருக்கடி அளவுக்கு மீறினால் மேலடுக்கு ஜந்துவைக் காற்றுக் குழாய்க்குள் திருப்பி அனுப்பிவிடும். இந்த விவரம் தெரிந்தே விளையாடினேன், பயம் துளியும் குறையவில்லை.

அதனால் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரே பகுதியை முதலில் ஒலியோடும், அடுத்த இரவு ஒலியில்லாமலும் விளையாடினேன். ஒலி இல்லாவிட்டால் பயம் கூடும் என்று நினைத்திருந்தேன். கூடவில்லை. எட்டு தடவை செத்தேன், எட்டு தடவையும் எரிச்சல்தான் வந்தது. ஒலி இருக்கும்போது ஜந்து தலைக்கு மேல் குழாயில் ஊர்கிறதா, தரையில் இறங்கி நடக்கிறதா என்று தெரியும். காலடி நெருங்குவது தெரியும். ஒளிந்திருக்கும் அலமாரிக்குள் மூச்சைப் பிடித்துக்கொள்ள அதுதான் காரணம். அதை எடுத்துவிட்டால் எங்கிருந்தோ வந்து கொல்லும் அநியாயம் மட்டுமே மிஞ்சுகிறது. பாதி தெரிந்திருந்தால்தான் பயம் வரும் போலும். முற்றிலும் தெரியாததில் பயப்பட எனக்கு எதுவும் இல்லை.

ஆட்டத்தைச் சேமிக்கும் கருவியைப் பற்றி ஒரு வரி. சுவரில் உள்ள கருவியில் அட்டையைச் செருகியதும் மூன்று விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அது முடியும் வரை நிற்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் உங்களைக் கொல்லலாம். மூன்றாம் தடவை விளையாடும்போதும் இரண்டாவது விளக்குக்கும் மூன்றாவதற்கும் நடுவில் நான் மூச்சு விடவில்லை.

எட்டாம் வாரம்: சைலன்ட் ஹில் 2

2001இல் வந்த மூலப் பதிப்பைத்தான் எடுத்தேன். இதில் சண்டை சுமார்தான், முதல் தடவையே அலுத்தது. ஆனாலும் இதை விட்டுவிட முடியவில்லை. இதன் முடிவுகள் பல. முடிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி எந்த இடத்திலும் உங்களிடம் கேட்பதில்லை. நீங்கள் நடந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் ஒன்றைக் கொடுக்கிறது. நாயகனுடைய மனைவியின் புகைப்படத்தையும் கடிதத்தையும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறீர்களா, வழியில் ஒருத்தி கொடுத்த கத்தியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா, கூட வருபவளை விட்டு விலகி ஓடுகிறீர்களா, காயம் பட்டால் மருந்து எடுக்கிறீர்களா என்பதெல்லாம் கணக்கில் சேர்கிறது.

முதல் தடவை எனக்குக் கிடைத்தது மிக இருண்ட முடிவு. மருந்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றே நான் எப்போதும் காயத்தோடு நடந்தேன். கேம் அதை, இந்த மனிதனுக்கு வாழ விருப்பமில்லை என்று வாசித்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட நாளில் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. இந்தத் தடவை அடிபட்ட உடனே மருந்தைக் கொடுத்தேன். பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதனிடம் காட்டாத அக்கறையை இப்போது காட்டுவது போல இருந்தது. நின்ற இடங்கள் நான்குதான். எண்ணிக்கையை வைத்து இந்தக் கேமை அளக்கக் கூடாது என்று ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் வாரத்திலிருந்து: ரெசிடென்ட் ஈவில்

வேண்டுமென்றே கடைசியில் வைத்தது இது. 1996இல் வந்த மூலத்தை, அதன் இயக்குநர் ஷின்ஜி மிகாமி 2002இல் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்காகத் தானே திரும்பச் செய்தார். மூலத்தை விளையாடியவர்கள் மறக்க முடியாத காட்சி ஒன்று: நடையில் போகும்போது ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும். 2002 பதிப்பில் அதே நடைக்கு வந்தீர்களானால் உடம்பு தானாக இறுகும். கண்ணாடியில் விரிசல் மட்டும் விழும். நாய் வராது. அப்பாடா என்று கடந்துபோய், பின்னால் வேறு வேலையாக அந்த வழியே திரும்பும்போதுதான் பாயும். நமக்கு ஞாபகம் இருக்கும் என்பதை நம்பி, அந்த ஞாபகத்தின் மேலேயே கட்டியிருக்கிறார்.

ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது நாய் அல்ல, பிணங்கள். சுட்டு வீழ்த்திய ஜாம்பியை அப்படியே விட்டுவிட்டால், சில நேரம் கழித்து அது எழுந்துவிடும். சிவந்த தலை, நீண்ட நகம், முன்பைவிடப் பல மடங்கு வேகம். தலையைச் சிதறடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த வேண்டும். குடுவையில் இரண்டு தடவைக்குத்தான் எண்ணெய் பிடிக்கும். கிறிஸ் என்ற பாத்திரத்தை எடுத்தால் பையில் ஆறே இடங்கள். அதில் ஒன்றைக் குடுவை அடைத்துக்கொள்ளும். ஜில் என்ற இன்னொரு பாத்திரத்துக்கு எட்டு.

இந்தத் தடவை கிறிஸ். கதை நடக்கும் மாளிகையின் வரைபடத்தை நோட்டில் வரைந்து, விழுந்த பிணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கல் குறி போட்டேன். விடுமுறைக்கு வந்திருந்த தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இதை விளையாடியதில்லை.

"அக்கா, அதுதான் செத்துவிட்டதே, ஏன் நிற்கிறாய்?"

"இந்த வழியாக இன்னும் நான்கு தடவை போக வேண்டும்."

"அப்படியானால் கொளுத்திவிடு."

"கொளுத்தினால் மாடியில் கிடப்பதற்கு எண்ணெய் இருக்காது."

அவன் கொஞ்ச நேரம் திரையையும் நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அதன் பிறகு ஒவ்வொரு கதவையும் நான் திறக்கும்போது, அவன் கண் புதிதாக வருவதைத் தேடவில்லை. தரையில் கிடப்பது அசைகிறதா என்றே பார்த்தது. பத்து நிமிடத்தில் அவனுக்கும் அந்தப் பயம் தொற்றிவிட்டது. நான் நட்டு வைத்த பயம் அது. எங்கே நட்டேன் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும், எப்போது முளைக்கும் என்பதுதான் தெரியாது. நோட்டில் இந்தக் கேமுக்கு மட்டும் இதுவரை நாற்பத்தொரு குறிப்புகள். மூன்றாம் தடவை விளையாடுகிறேன், முதல் தடவையைவிட அதிகமாக நிற்கிறேன்.

சேமிப்பும் இப்படித்தான். டைப்ரைட்டரில் ஒரு தடவை சேமிக்க ஒரு மை நாடா செலவாகும். எங்கே சேமிப்பது என்ற கேள்வி முதல் ஆட்டத்தில் எனக்கு எழவே இல்லை, கண்ட இடத்தில் எல்லாம் சேமித்தேன். இப்போது நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு டைப்ரைட்டரைக் கடந்து போகிறேன்.

நேற்று நிறுத்திய நிலை: கொளுத்தாத பிணங்கள் மூன்று. ஒன்று உணவறைக்கு வெளியே உள்ள நடையில், ஒன்று மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில், ஒன்று கீழ்த்தளக் கிழக்கு நடையில். குடுவையில் ஒரு தடவைக்கு எண்ணெய். நாடா இரண்டு. தம்பி படிக்கட்டில் கிடப்பதைக் கொளுத்தச் சொல்கிறான். அங்கே ஒதுங்க இடமில்லை என்பது அவன் வாதம். உணவறை நடைதான் என்கிறேன் நான். சனிக்கிழமை இரவு அவன் வரும் வரை தொடுவதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.