கார்டானோவில் 10 இன்புட்டுக்கு ஒரே சரிபார்ப்பு: ஜீரோ வித்ட்ரா முறை செய்து பார்த்தது

கார்டானோ பிளாக்செயினில், நிரல் ஒன்று காக்கும் ஸ்கிரிப்ட் முகவரியில் கிடக்கும் 10 ஆர்டர்களை ஒரு பரிவர்த்தனையில் இன்புட்டாக எடுத்தால், வேலிடேட்டர் என்கிற அந்தச் சரிபார்க்கும் நிரல் 10 முறை ஓடும். ஒவ்வொரு முறையும் முழுப் பரிவர்த்தனையும் அதன் கைக்கு வரும். தன் இன்புட் எது என்று ஒவ்வொன்றும் முழுப் பட்டியலையும் அலசினால் 100 ஒப்பீடு. 20 ஆர்டர் என்றால் 400. ஒரு பரிவர்த்தனைக்கு மெயின்நெட் (கார்டானோவின் நிஜ நெட்வொர்க்) தருவது 16,384 பைட், 10,000,000,000 சிபியு ஸ்டெப். பெரும்பாலும் முதலில் முட்டுவது மெமரி வரம்புதான்.

இதைக் குறைக்க முதல் வடிவம்: பட்டியலில் இன்புட்டின் இடத்தை ரிடீமரிலேயே (பரிவர்த்தனை செய்பவர் வேலிடேட்டருக்குத் தரும் தரவு) எண்ணாகக் கொடுப்பது. தேடல் குறைந்தது, ஆனாலும் 10 ஓட்டம் 10 ஓட்டம்தான். லெட்ஜர் இன்புட்களை ஹாஷ் வரிசையில் அடுக்குவதால், கட்டணத்துக்கு வாலட் ஓர் இன்புட் சேர்த்தாலே எண்கள் நகர்ந்துவிடும். காயின் செலக்‌ஷன் (வாலட் தன் இன்புட்களைத் தேர்வது) முடிந்த பிறகே எண்களைக் கணக்கிட வேண்டும்.

இரண்டாம் வடிவம்தான் தீர்வு. தர்க்கம் முழுவதையும் ஒரு ஸ்டேக் வேலிடேட்டருக்கு (ஸ்டேக்கிங் வெகுமதிக் கணக்கைக் காக்கும் நிரல்) மாற்றி, அந்தக் கணக்கிலிருந்து 0 லவ்லேஸ் (அடாவின் மிகச் சிறிய அலகு) எடுப்பதாகப் பரிவர்த்தனையில் எழுதுவது. இதுதான் ஜீரோ வித்ட்ரா. அது ஒரே முறை ஓடி எல்லா ஆர்டரையும் பார்க்கும். ஆர்டர்களைக் காக்கும் ஸ்பெண்ட் வேலிடேட்டருக்கு மிச்சம் ஒரே கேள்வி: வித்ட்ராயல் பட்டியலில் அந்த ஸ்டேக் வேலிடேட்டரின் ஹாஷ் இருக்கிறதா?

பெரிய ஓட்டை இங்கேதான் வரும். இன்புட் பட்டியலில் 0-ஆம் இடத்தில் வாலட் இன்புட், 1, 2, 3-ஆம் இடங்களில் ஆர்டர்கள் என்று வையுங்கள். ரிடீமரில் ஒருவர் [1, 3] என்று மட்டும் கொடுத்தால், 2-ஐ யாருமே சரிபார்க்கவில்லை; அதிலுள்ள பணம் போயே போச்சு. ஆகவே ஸ்கிரிப்ட் முகவரி இன்புட்களை வேலிடேட்டரே எண்ணி, பட்டியலின் நீளத்தோடு ஒப்பிட வேண்டும். எண்கள் ஏறுவரிசையில், திரும்ப வராமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அவுட்புட்டுக்கும் இதே விதி. இல்லாவிட்டால் ஒரே அவுட்புட்டைக் காட்டி இரண்டு ஆர்டரைத் தீர்த்துவிடலாம்.

ஸ்டேக் ஹாஷை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், டெபாசிட் 2 அடா. வேலிடேட்டரின் பப்ளிஷ் பகுதியில் (பதிவு, நீக்கம் ஆகியவற்றைச் சரிபார்க்கும் பகுதி) எதையும் அனுமதித்து வைத்தால், யாரும் பதிவை நீக்கி அந்த 2 அடாவை எடுத்துக்கொள்ளலாம். மறுபடி பதியும்வரை எல்லா ஆர்டரும் முடங்கும். பதிவை மட்டும் அனுமதித்து நீக்கத்தை மறுப்பது பாதுகாப்பு.

கார்டானோ வேலிடேட்டர்களை எழுதும் மொழியான எய்க்கனின் செக் கட்டளை மெமரி, சிபியு இரண்டையும் காட்டும். ட்ரேஸைச் (பிழை தேட உதவும் செய்திகள்) சைலன்ட் ஆக்காமல் அளந்தால் எண்கள் ஊதித் தெரியும். ஓரிரு ஆர்டர் மட்டும் வரும் இடத்தில் இந்த முறை வேண்டாம்: கூடுதல் ஸ்கிரிப்டின் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும்.