ராடு எண்ணிய நாள்

ஏப்ரல் 6

லாரித் தண்ணீரை நம்பி இனிக் காலம் தள்ள முடியாது. ஆழ்துளைக் கிணறு போடுவதென்று முடிவாயிற்று. திருச்செங்கோடு பக்கத்திலேயே இருப்பதால் துளை போடும் ரிக் வண்டிக்குப் பஞ்சமில்லை; இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் ரிக் வண்டிகள் இங்கிருந்துதான் போகின்றன. ஆனால் துளை போடும் நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழைக் கேட்டதும் முதலில் பேசிய முகவர், "அதெல்லாம் எதுக்குங்க, நாளைக்கே வண்டி அனுப்பறேன்" என்றார். அவரை அத்துடன் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9

இரண்டாமவர் சான்றிதழின் நகலைத் தயங்காமல் கொடுத்தார். 300 அடிக்குமேல் ஒவ்வொரு நூறடிக்கும் விலை ஏறும் என்பதையும், மேல்மண் சரியாமல் தாங்கும் கேசிங் குழாய்க்குத் தனிக்கணக்கு என்பதையும் எழுதி வாங்கினேன். உச்ச நீதிமன்றம் 2010இல் வகுத்த நெறிமுறைப்படி 15 நாள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டுமென்பதால், இன்றே ஊராட்சியில் மனு கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 27

விடியற்காலையில் வண்டி வந்தது. நாற்பதடிக் கேசிங் போதும் என்றார் மேற்பார்வையாளர். ஆனால் அந்த ஆழத்திலும் செம்மண் கலந்த உதிர்பாறையே வெளிவந்ததால், கெட்டிப்பாறை தட்டும்வரை இறக்கச் சொன்னேன். மேல்மண் சரிந்தால் கிணறே வீணாகிவிடும் என்பது அவருக்கும் தெரிந்ததுதான், அறுபதடி இறக்கினார்.

துளையிடும் கருவியோடு ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து இறக்கும் இரும்புக் குழாய்தான் ராடு; ஒன்று 20 அடி. ஒவ்வொன்று இறங்கும்போதும் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பத்தொன்பதாவது ராடில் சாம்பல் நிறப் பொடி ஈரமானது. இருபத்துமூன்றாவதில் தண்ணீர் பீறிட்டது. இன்னும் ஐந்து ராடுகள் இறக்கியபின் நிறுத்தச் சொன்னேன். மேற்பார்வையாளரின் நோட்டில் 580 அடி என்றிருந்தது. என் கோடுகள் இருபத்தெட்டு, அதாவது 560 அடி. மேலே இழுத்த ராடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, அவரே கணக்கைத் திருத்தினார்.

ஏப்ரல் 28

கேசிங் வாயில் இரும்பு மூடியைப் போல்ட்டால் முடுக்கி, தரைக்கு மேலே ஓரடி, கீழே ஓரடி இருக்கும்படி காங்கிரீட் மேடை கட்டச் செய்தேன்.

கொல்லையில் வற்றிய பழைய ஆழ்துளைக் கிணறு ஒன்று, சாக்கும் கல்லும் வைத்து மூடியபடி கிடந்தது. 2019 அக்டோபரில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த நடுக்காட்டுப்பட்டிக் குழந்தைக்காக நாலு நாள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த நான், இத்தனை ஆண்டுகள் இதை விட்டுவைத்தது பெருந்தவறு. இன்று ஒரு டிராக்டர் சரளையும் களிமண்ணும் வரவழைத்தேன். முதல் கூடையைக் கொட்டியபோது கற்கள் பக்கங்களில் மோதி இறங்கும் ஓசை வெகுநேரம் கேட்டது. பொழுது சாய்வதற்குள் தரைமட்டத்துக்கு நிரப்பி, மேலே மிதித்து இறுக்கிவிட்டோம்.