புளி படாத காசுகள்

ஆயுத பூசைக்கு முந்தைய வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் துப்புரவு, பழங்காசு சேர்ப்பவர்களுக்குக் கவலை தருவது. குத்துவிளக்கையும் செம்பையும் தாம்பாளத்தையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் அதே கை, பூசைப் பெட்டியின் அடியில் கிடக்கும் நாலைந்து பழைய செப்புக் காசுகளையும் எடுத்துப் புளிக்கரைசலில் போட்டுவிடுகிறது. சற்று நேரத்தில் காசு இளஞ்சிவப்பாகி, நேற்று அச்சடித்ததுபோல் மின்னும். நூறு, இருநூறு ஆண்டுகளாகக் காற்றும் கைவியர்வையும் சேர்ந்து அதன்மேல் படியவைத்திருந்த கரும்பழுப்புப் படலம் அத்தோடு போய்விடும். அந்தப் படலத்தைப் பெரும்பாலோர் அழுக்கு என்றே நினைக்கிறார்கள். செம்பு தன்னைத் தானே காத்துக்கொள்ள அணிந்த தோல் அது என்பதையும், அதை உரித்த காசு அடுத்த மழைக்காலத்தில் முன்னைவிட வேகமாகக் கெடும் என்பதையும் நான் உறவினர் வீடுகளில் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் புழங்காத காசையே தேடுகிறார்கள். கை படாத, கீறல் விழாத, அச்சு மினுமினுப்பு மங்காத காசுக்குத்தான் சந்தையில் விலை அதிகம். எனக்கு மனம் போவது தேய்ந்த காசுகளின் பக்கம். ஒரு காசு எந்த ஆண்டில் பிறந்தது என்பதை அதன்மேல் உள்ள எண் சொல்லும். அதுகூட எப்போதும் உண்மையில்லை. விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த, 1862 என்று ஆண்டிட்ட வெள்ளி ரூபாயை எடுத்துக்கொண்டால், அந்த ஒரே ஆண்டெண்ணை மாற்றாமலே 1874 வரை அச்சடித்திருக்கிறார்கள். எனவே 1862 ரூபாய் என்று நம் கையில் இருப்பது அதற்குப் பத்தாண்டு பிந்தியதாகவும் இருக்கலாம். ஆனால் பிறந்த பிறகு அந்தக் காசு எப்படி வாழ்ந்தது என்பதைத் தேய்மானம் மறைக்காமல் காட்டும். கை மாறி மாறிப் புழங்கிய காசில் மேடான இடங்கள் முதலில் போகும்: அரசியின் கன்னம், காதுக்கு மேலிருக்கும் மயிர்ச்சுருள், மகுடத்தின் நுனி. காசுமாலையில் கோத்திருந்ததென்றால் உச்சியில் பற்றவைத்த தடமும், ஒரு பக்கம் மட்டும் உடம்பில் உராய்ந்து வழுவழுப்பான அடையாளமும் இருக்கும். வியாபாரிகள் பற்றுத்தடம் உள்ள ரூபாயை வெறும் வெள்ளி விலைக்கே எடைபோடுவார்கள். நான் அவற்றை விருப்பத்தோடு வாங்குகிறேன், ஏனென்றால் அந்தத் தடம் ஒரு குடும்பத்தில் நகை வாங்குமளவுக்கு விளைச்சல் கண்ட ஏதோ ஓர் ஆண்டின் பதிவு.

அவ்வளவு பழையதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1968 முதல் 1971 வரை அச்சான, பித்தளை நிறத்தில் தாமரை பொறித்த இருபது காசு பலருக்கும் நினைவிருக்கும். அந்தத் தாமரைக்காகவே பெண்கள் அதைச் செலவழிக்காமல் எடுத்துவைத்து, 108 சேர்ந்ததும் துணிப்பையில் முடிந்து, வரலட்சுமி நோன்பன்று ஒவ்வொரு காசாக எடுத்து வைத்து அருச்சனை செய்வார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டியிடமிருந்து அவரது பேத்தி வழியாக எனக்கு வந்த சில காசுகளை உருப்பெருக்கியில் பார்த்தபோது, தாமரை இதழ்களின் இடுக்கில் குங்குமம் கெட்டியாக இறுகியிருந்தது. ஆண்டுக்கு ஒருநாள், ஆவணிப் பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளியில் மட்டும் வெளியே வந்து, மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள் இருந்த காசு அது. இதழ் மேடுகள் தேயவே இல்லை, பள்ளங்கள் மட்டும் சிவந்திருந்தன. கடையில் புழங்கிய அதே இருபது காசை அருகில் வைத்துப் பார்த்தால் இதழ்கள் மழுங்கி ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கின்றன. இரண்டும் ஒரே நாணயச்சாலையில், ஒரே ஆண்டில் அடித்தவை. குங்குமத்தை நான் அகற்றவில்லை. அகற்றும்படி அறிவுரை சொன்ன நண்பர்களிடம் அதற்காக வாதாடியும் இருக்கிறேன்.

பருவத்தோடு ஒட்டிப் பிறந்த காசு என்றால் புதுக்கோட்டையின் அம்மன் காசைச் சொல்ல வேண்டும். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் புழங்கிய இந்தச் சிறு செப்புக்காசின் ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். ஓர் அணாவுக்கு இருபது அம்மன் காசு, ஆக பதினாறு அணா கொண்ட ஒரு ரூபாய்க்கு 320. தொடக்ககாலக் காசுகள் சம்மட்டியால் அடித்தவை. ஒழுங்கான வட்டமாக இராது, அம்மனின் தலையோ முழங்காலோ விளிம்புக்கு வெளியே போயிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பர்மிங்காமில் எந்திரத்தில் அடித்து வரவழைத்த பிறகு அது நல்ல வட்டமாயிற்று. மன்னர் விஜய ரகுநாத ராயத் தொண்டைமான் துறவி சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்ததையும், அவர் மணலில் எழுதிக் காட்டிய உபதேசத்தை மன்னர் அந்த மணலோடு அரண்மனைக்குக் கொண்டுவந்து வழிபட்டதையும், அதிலிருந்து சமஸ்தானத்தில் தசரா விழா சிறப்புப் பெற்றதையும் புதுக்கோட்டையில் வழிவழியாகச் சொல்வார்கள். அந்த நவராத்திரி நாள்களில் ஏழைகளுக்கு அரிசியோடு அம்மன் காசும் வழங்கப்பட்டது.

இந்தச் செய்தியை அறிந்தபின் அம்மன் காசைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது. நவராத்திரி வருவது புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ. வானம் பார்த்த கண்மாய்ப் பாசனப் பகுதியான புதுக்கோட்டைச் சீமையில் அது வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நேரம்; பழைய நெல் குதிரின் அடியைத் தொட்டிருக்கும், புது நெல் தைக்குத்தான் வரும். அரிசிக்கு மதிப்பு மிகுந்த அந்த இடைவெளியில் கைக்கு வந்த காசு இது. உப்போ வெற்றிலையோ வாங்க அன்றே செலவாகியிருக்கும். என்னிடமுள்ள அம்மன் காசுகளில் அம்மனின் முகம் தெளிவாக உள்ளது ஒன்றும் இல்லை. நல்ல நிலையில் உள்ளதைப் பார்க்க விரும்புவோர் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததோடு இந்தக் காசின் காலமும் முடிந்தது.

மழைக்காலம் தொடங்கிவிட்டால் சேகரிப்பாளருக்கு வேலை கூடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் பெட்டிக்குள்ளும் புகுந்துவிடும். செம்பு, வெண்கலக் காசுகளுக்கு வரும் கொடிய நோயை அப்போதுதான் கண்டுபிடிக்க முடியும். கெட்டியாக, வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் கரும்பச்சைக் களிம்பால் தீங்கில்லை. சொறிபோல் ஆங்காங்கே பூத்து, குச்சியால் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடியே ஆபத்தானது. உலோகத்தினுள் தங்கிவிட்ட உப்பு ஈரத்தோடு சேர்ந்து காசை உள்ளிருந்தே அரிப்பதன் அடையாளம் அது. கடலோரத்தில் கிடைத்த காசுகளில் இது மிகுதி. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டென்மார்க்குக்காரர்கள் வெளியிட்ட செப்புக் காசுகளைச் சேர்ப்பவர்களுக்கு இந்தப் பொடி நன்கு பழக்கம். அப்படிப்பட்ட காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை நீர் மாற்றி ஊறவைத்து, முழுக்க உலர்த்த வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் நிறம் மாறியதும் அவற்றைச் சூடாக்கி மறுபடி பெட்டிக்குள் வைக்கிறேன். வழவழப்பான மலிவு பிளாஸ்டிக் உறைகளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அவற்றிலிருந்து கசியும் பொருள் காசின்மேல் பச்சைப் பிசினாகப் படிந்துவிடும்.

கோடையில் கதை வேறு. பங்குனி, சித்திரையில் ஆறுகள் வற்றி மணல் வெளுத்துக் கிடக்கும்போது காசுகள் வெளிப்படுகின்றன. கரூரில் அமராவதி ஆற்றுமணலிலிருந்து சங்ககாலச் சேரர் காசுகளும் உரோமானியச் செப்புக் காசுகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்று சேர மன்னர்களின் பெயர் பொறித்த காசுகளைப் பற்றி நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதியிருக்கிறார். ஆற்றுக்காசைக் கையில் வாங்கிய உடனே அடையாளம் காணலாம். மனிதக் கை மேட்டை மட்டும் தேய்க்கும். ஆற்றுமணல் மேடு பள்ளம் பாராமல் எல்லாவற்றையும் ஒரே சீராகத் தேய்த்து, நுண்ணிய புள்ளிகளை விட்டுச்செல்லும். ஆனால் ஆற்றின் எந்த வளைவில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற செய்தி கைமாறும்போதே தொலைந்துபோகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். எடுத்த இடம் தெரியாத சேரர் காசு வரலாற்றுக்குத் தருவது பாதிதான். ஆற்றிலோ வயலிலோ காசு கண்டெடுப்பவர்கள் முதலில் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்; 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்வதும் அதைத்தான்.

நினைவு நாணயங்களைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி, 2010ஆம் ஆண்டைக் குறித்து, ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயமும் ஐந்து ரூபாய் நாணயமும் வெளிவந்தன. வெள்ளி நாணயம் அழகானது. பெட்டியிலேயே பிறந்து பெட்டியிலேயே இருக்கும். ஐந்து ரூபாயோ பேருந்திலும் காய்கறிக் கடையிலும் சுற்றி, கோபுரத்தின் அடுக்குகள் மழுங்கி என்னிடம் வந்தது. அதைத்தான் நான் அதிகம் எடுத்துப் பார்க்கிறேன்.

பதக்கம் இவை எல்லாவற்றிலிருந்தும் மாறுபட்டது. காசு யாருடையதும் அல்ல. பதக்கத்தின் விளிம்பிலோ ஒரே ஒருவரின் பெயர் இருக்கிறது. முதல் உலகப் போருக்காக வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் ஒன்று, பழைய வெள்ளி வாங்கும் ஒருவரிடமிருந்து, உருக்குக்குப் போகுமுன் எனக்குக் கிடைத்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைவீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். விளிம்பில் எண், பதவி, பெயர், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் படைப்பிரிவினர் மெசபடோமியாவில் பாலம் அமைத்தும் பதுங்குகுழி வெட்டியும் பணியாற்றியவர்கள். தொழிலாளர் படையினருக்கு இதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள் என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது; உழைப்புக்கு உலோகத்தைக் குறைத்த அந்த வேறுபாட்டை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இந்தப் பதக்கத்தில் அரசரின் மூக்கும் புருவமும் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டன. பதக்கம் கை மாறிப் புழங்கும் பொருள் அல்ல; அவ்வளவு தேய்மானம் வர வேண்டுமென்றால் யாரோ அதை ஆண்டுதோறும் எடுத்துத் துடைத்திருக்க வேண்டும். எழுத்துகளின் பள்ளத்தில் இன்னும் வெண்பொடி இருக்கிறது. வெள்ளியைத் திருநீறு வைத்துத் துலக்குவது நம் வீட்டு வழக்கமாகையால் அது திருநீறாகத்தான் இருக்க வேண்டும். காசைத் தேய்க்காதீர்கள் என்று சொல்லித் திரியும் நான், இந்தத் தேய்மானத்தைக் குறையாக எண்ணவில்லை. பொங்கலுக்கோ ஆயுத பூசைக்கோ, போனவரை நினைத்து ஒரு மனைவியோ மகளோ துலக்கிய துலக்கல் அது. பதக்கத்தின் பழைய நாடா மட்டும் இல்லை. நடுவில் ஆரஞ்சும் இருபுறமும் வெள்ளை, கறுப்பு, நீலமும் கொண்ட அந்தப் பட்டு நாடா நம் ஊர் மழைக்காலங்களில் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். புதிய நாடா வாங்கிக் கோக்க எனக்கு விருப்பமில்லை.

விளிம்பில் ஊர்ப்பெயர் பொறிக்கும் வழக்கம் அப்போது இல்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில், இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த கற்பலகைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டுமே. பதக்கத்தில் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. பலகையில் ஊர் இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டையும் பொருத்த முடியுமா என்று ஊர் ஊராகக் கேட்டுவருகிறேன். அந்தக் குடும்பம் கிடைத்துவிட்டால் பதக்கத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிடுவதாக இருக்கிறேன்.