அப்பாவின் கணினிக்கு எந்த இயங்குதளம்?

ஈசூனில் எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் நிற்கும் மேசைக் கணினி 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லு, 8 ஜிபி நினைவகம். இடையில் ஒருமுறை பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அப்பா காலையில் அதில்தான் செய்தி படிப்பார், கடிதம் எழுதுவார், தாம் வகுப்பெடுத்த காலத்துப் பயிற்சித்தாள்களை எடுத்துத் திருத்திக்கொண்டிருப்பார். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்ற அறிவிப்பு திரையில் அடிக்கடி வரத் தொடங்கியதும், விண்டோஸ் 11க்கு மாற முடியுமா என்று சோதித்தேன். முடியாது என்று வந்தது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் சில்லும் இருந்தால்தான் அந்தப் பதிப்புக்குத் தகுதி உண்டு.

கடையில் கேட்டால் புதியது வாங்கச் சொன்னார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. எதுவும் பழுதாகாத ஒரு கணினியை, எங்கோ குறிக்கப்பட்ட ஒரு தேதிக்காக அந்தக் குவியலில் சேர்ப்பது சரியாகப் படவில்லை. மைக்ரோசாஃப்ட் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றையும் வைத்திருக்கிறது: 30 அமெரிக்க டாலர் கட்டினாலோ, அதன் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அங்கே சேமிக்க ஒப்புக்கொண்டாலோ, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதனால் ஓராண்டு தள்ளிப்போகுமே தவிர, அதே கேள்வி அடுத்த அக்டோபரில் மறுபடியும் வந்து நிற்கும்.

மீதமிருந்த வழி, விண்டோஸை விட்டு வேறோர் இயங்குதளத்துக்கு மாறுவது. இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபிரீ’ என்னும் ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமப்பதால், ‘விலை இல்லை’ என்பதற்கும் ‘கட்டுப்பாடு இல்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்னும் இயங்குதளம் பழைய கணினிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதைக் கட்டற்றது என்று சொல்ல முடியாது. புதுக் கணினியோடு வரும் விண்டோஸைப் பலர் இலவசம் என்றே எண்ணுகிறார்கள். அதன் விலை கணினியின் விலைக்குள் அடங்கியிருக்கிறது, அந்த உரிமமும் பெரும்பாலும் அந்த ஒரு கணினியோடு முடிந்துவிடும். கட்டற்ற இயங்குதளம் என்றால், அதை எவரும் பயன்படுத்தலாம், அதன் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தபோது முன்வைத்த எண்ணம் இது; 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய, இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருநிரல் அதோடு சேர்ந்த பிறகுதான், வீட்டுக் கணினியில் ஏற்றக்கூடிய ஒரு முழு இயங்குதளம் உருவானது.

கட்டற்றது என்பதாலேயே பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன். 2016 பிப்ரவரியில், லினக்ஸ் கருநிரலின்மேல் கட்டப்பட்ட இயங்குதளங்களில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து, பதிவிறக்கத்துக்கான இணைப்பை மாற்றி, தீநிரல் கலந்த பதிப்பைத் தரவைத்தார்கள். 2024 மார்ச்சில் லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் கருவியில் இரகசியக் கதவு ஒன்று நுழைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஏராளமான கணினிகள் நம்பியிருந்த அந்தக் கருவியை ஏறக்குறைய ஒரே தன்னார்வலர்தான் பராமரித்துவந்தார். மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து, காரணம் தேடித் துருவி அதைக் கண்டுபிடித்தார். துருவிப் பார்க்க எதுவும் மூடப்பட்டிருக்கவில்லை என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. ஒற்றை மனிதரின் தோளில் அவ்வளவு பாரம் இருந்தது கவலை தருகிறது. இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

லினக்ஸ் மின்ட் 22ஐத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல் என்று அப்பாவுக்குப் பழகிய முகமும் இருக்கிறது. பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் கொடுக்கப்பட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பென்டிரைவில் ஏற்றினேன். 2016இல் நடந்ததை அறிந்தவர் எவரும் இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்கக் கூடாது. நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பதால், ஒரு வாரம் அப்படியே ஓட்டினோம். அச்சுப்பொறி தானாகவே வந்து சேர்ந்தது. சிங்பாஸ் வழியாக மத்திய சேம நிதிக் கணக்கும் வருமான வரிப் பக்கமும் உலாவியில் தடையின்றித் திறந்தன. வைஃபைக்காகச் செருகியிருந்த சிறு கருவி மட்டும் வேலை செய்யவே இல்லை. அதன் தயாரிப்பாளர் லினக்ஸில் அதை இயக்கும் மென்பொருளைத் தரவில்லை, இரண்டு இரவுகள் முயன்று பார்த்துவிட்டு, ரௌட்டரிலிருந்து சுவரோரமாகக் கேபிள் இழுத்துவிட்டேன். கடையில் வாங்குமுன் சில்லின் பெயரைப் பார்த்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது.

எனக்கு உண்மையில் அச்சமாக இருந்தது தமிழ்தான். அப்பா தமிழ்99 விசைப்பலகையில் வேகமாகத் தட்டச்சு செய்பவர். அந்த அமைப்பு 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் வகுக்கப்பட்டது. அது விண்டோஸிலும் உண்டு, மின்ட்டிலும் ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாகக் கிடைக்கிறது. அமைத்துக் கொடுத்த ஐந்தாம் நிமிடத்தில் அப்பா தம் நண்பருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். சிக்கல் அவருடைய பழைய கோப்புகளில் இருந்தது.

1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் ஒழுங்கு, வைத்திருந்தன. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் பக்கம் முழுவதும் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த கிறுக்கலாகத் தெரியும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும் என்று முனைந்தவர்களில் கணியன் செயலியை உருவாக்கிய நம் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முக்கியமானவர், 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டுக்கு அவர் முன்னின்று உழைத்தார். பின்னர் திஸ்கி, தாப், தாம் என்று தரப்பாடுகள் வந்தன. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான ஒருங்குறியில் (யூனிகோட்) 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது விண்டோஸ் பயனர்களை எட்டத் தொடங்கியது. அந்த நன்றியை விலைகொடுத்து வாங்கிய இயங்குதளத்துக்குச் சொல்லத்தான் வேண்டும். அதற்குள் அப்பாவிடம் இருநூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சித்தாள்கள் பழைய குறியேற்றங்களில் சேர்ந்துவிட்டன. அவற்றை உருவாக்கிய மென்பொருள் இப்போது எங்களிடம் இல்லை.

மின்ட்டில் ஐகான்வ் என்றொரு கட்டளை உடனேயே வருகிறது. எழுத்துக் குறியேற்றங்களை மாற்றித் தரும் அந்தக் கருவி அறிந்த தரப்பாடுகளின் பட்டியலைத் திரையில் ஓடவிட்டபோது, அதன் நடுவே திஸ்கியின் பெயரும் வந்தது. எவரோ ஒருவர், எப்போதோ, நம் தமிழுக்காக அதை எழுதிச் சேர்த்திருக்கிறார். ஒரு கோப்பைக் கொடுத்தேன். கிறுக்கலாக இருந்த முதல் வரி, “தொடக்கநிலை 5, ல ழ ள வேறுபாடு” என்று எழுந்து நின்றது. அப்பா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடியை மேலேற்றினார். “இது 2001ல அடிச்சதுப்பா. ஒரு ழகரம்கூட மாறல, பாரு.” அன்று மாலைக்குள் திஸ்கியில் இருந்த 140 கோப்புகளையும் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டோம்.

வீட்டில் எல்லாக் கணினிகளையும் நான் மாற்றவில்லை. மகளின் மடிக்கணினியைப் பள்ளி நிர்வகிக்கிறது. அதில் கைவைப்பது முறையாகாது. மனைவி கணக்கெழுதும் எக்ஸெல் தாள்களில் வேலையைத் தானாகச் செய்து தரும் மேக்ரோக்கள் என்னும் சிறு நிரல்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கின்றன. கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரேஆஃபிஸில் அவற்றுள் சில ஓடின, முக்கியமான இரண்டு ஓடவில்லை. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு முடிக்க வேண்டியவரிடம் கொள்கை பேசுவது நியாயமில்லை என்பதால், அவருடைய மடிக்கணினி விண்டோஸ் 11இலேயே இருக்கிறது, எக்ஸெலுக்கான கட்டணத்தையும் மனமுவந்து கட்டுகிறோம். வேலோரன்ட் போன்ற விளையாட்டுகள் ஆடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் லினக்ஸ் ஒத்துவராது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் இயங்குவதில்லை.

அப்பாவின் கணினிக்கு உரிமக் கட்டணம் இல்லை என்றாலும், ஆண்டுக்கு 50 வெள்ளியை மின்ட் குழுவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறேன். லினக்ஸ் கருநிரலில் பெரும்பகுதியை இன்டெல், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களின் ஊழியர்கள் சம்பளத்துக்கு எழுதுகிறார்கள். அதன்மேல் அமர்ந்திருக்கும் மின்ட் போன்ற சிறு குழுக்கள் நன்கொடையையும் விளம்பர ஆதரவையும் நம்பியிருக்கின்றன.

தாப், தாம் குறியேற்றங்களில் உள்ள கோப்புகள் இன்னும் மீதமிருக்கின்றன. ஐகான்வ் அவற்றை அறியாது. எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை போட்டு, சிறு நிரல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய அச்சுப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்கிறார். நேற்று இரவு ஙகர வரிசை வரைக்கும் வந்திருக்கிறோம்.