சொந்த வகுப்பிலேயே ஆய்வு: என் முதுகலை அனுபவம்

11 வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்த பிறகு, வேலையை விடாமலே கல்வியியல் முதுகலை சேர்ந்தேன். முதல் வருடப் பாடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டும் நான் எழுத வேண்டிய கட்டுரையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். தூக்கம் குறையும், ஆனால் சமாளித்துவிடலாம். என்னைப் புரட்டிப் போட்டது ஆய்வேடுதான்.

"மாணவர்களின் ஆர்வத்தை வளர்ப்பது எப்படி?" என்ற தலைப்போடு நெறியாளரிடம் போனேன். "ஆர்வத்தை எதை வெச்சு அளப்பீங்க? உங்க வகுப்புல உங்களை உறுத்துற ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க" என்றார். நான் என்ன கேட்டாலும் அதே 4 பேர்தான் கை தூக்குகிறார்கள் என்றேன். உடனே மேரி பட் ரோவின் ஆய்வுகளைப் படிக்கச் சொன்னார்.

வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்க அறிவியல் கல்வியாளர் ரோ. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது பெரும்பாலும் 1 நொடி அளவுதான் என்று 1970களில் எழுதினார். அதை 3 நொடிக்கு நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் கண்டார். படித்ததும் எனக்குக் கேள்வி கிடைத்துவிட்டது: நான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன்? அதை நீட்டினால் என் வகுப்பில் யார் பேசுவார்கள்?

முறை, செயல் ஆராய்ச்சி. திட்டமிட்டு, செய்து பார்த்து, கவனித்து, யோசித்து மறுபடி திட்டமிடுவது. ஆனால் ஆரம்பிக்கும் முன், ஆய்வில் பங்கேற்பவர்களுக்குப் பாதகம் வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். என் விண்ணப்பம் முதல் முறை திரும்பி வந்தது. மதிப்பெண் போடுபவரே ஆய்வில் பங்கேற்க ஒப்புதல் கேட்டால் பிள்ளைகள் எப்படி மறுப்பார்கள் என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. வேறொரு ஆசிரியர் ஒப்புதல் படிவங்களை வாங்கி வைக்க, யார் சம்மதித்தார்கள் என்பது மதிப்பெண் போட்டு முடிக்கும் வரை எனக்குத் தெரியாதபடி மாற்றினேன். இதற்கே ஒரு மாதம் போனது. வேலையோடு படிப்பவர்கள் இந்த மாதத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒலிப்பதிவு. 40 நிமிட வகுப்பை எழுத்தில் இறக்க எனக்கு 5, 6 மணி நேரம் பிடித்தது. கேட்கக் கேட்க நெஞ்சு கனத்தது. கேள்வி கேட்கிறேன், மூச்சு விடும் நேரத்துக்குள் நானே பதிலும் சொல்கிறேன். ஒரு பிள்ளை "அது வந்து..." என்று தொடங்குவது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. வகுப்பில் அது என் காதில் விழவே இல்லை.

3 நொடி என்பது நின்று பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு நீளம் என்று. முதல் வாரம் மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்றேன். பிள்ளைகள் தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்தார்கள். இரண்டாம் சுற்றில், ஏன் காத்திருக்கிறேன் என்பதை அவர்களிடமே சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் மாற்றம் வந்தது. 6 வாரத்தில், அதுவரை ஒரு தடவைகூட வாய் திறக்காத 7 பேர் பேசியிருந்தார்கள். மகிழ்ச்சியோடு எழுதி ஒப்படைத்தேன்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்டார்: "வழக்கமா கை தூக்குற அந்த 4 பேர் என்ன ஆனாங்க?"

என்னிடம் பதில் இல்லை. திருத்தத்துக்கு 2 வாரம் கொடுத்தார்கள். பதிவுகளை எல்லாம் மறுபடி கேட்டேன். மூன்று பேரின் பதில்கள் நீண்டிருந்தன. ஒருவன் மட்டும் நான்காம் வாரத்துக்குப் பிறகு கை தூக்கவே இல்லை. கூப்பிட்டு விசாரித்தேன். "முன்னாடி நான்தான் முதல்ல சொல்லுவேன் டீச்சர். இப்ப எல்லாரும் யோசிச்சு சொல்றாங்க, என்னோடது தப்பாயிருமோன்னு இருக்கு" என்றான்.

அவனைப் பற்றி 2 பக்கம் சேர்த்து ஆய்வேட்டைக் கொடுத்தேன். அடுத்த சுற்றை அவனிடமிருந்து தொடங்கியிருக்கிறேன்.